டிஸ்கை மறைக்காத கார்டே வீட்டுக்குப் போதும்

குடும்பப் படங்கள், காணொளிகள், ஆவணங்கள் அனைத்தையும் வீட்டிலேயே எட்டுப் பத்து ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு சர்வரில் சேர்த்து வைக்க நினைப்பவர்கள் டிஸ்கின் விலையையும் கொள்ளளவையும் அலசி ஆராய்வார்கள். அவற்றை மதர்போர்டுடன் இணைக்கும் கன்ட்ரோலர் கார்டைப் பற்றிக் கடைசியில்தான் யோசிப்பார்கள். பேட்டரியோடு வரும் ரெய்டு கார்டு வாங்கிவிட்டால் பாதுகாப்பை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்கள். வீட்டு சர்வருக்கு அந்த யோசனை பொருந்தாது. ஒவ்வொரு டிஸ்கையும் உள்ளது உள்ளபடி இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் எளிய கார்டே போதும். இத்துறையினர் அதை ஹெச்பிஏ என்கிறார்கள்.

பல மலிவான டிஸ்குகளை ஒன்றுசேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி செய்யும் ரெய்டு முறையை 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார்கள். அதற்குத் தேவையான கணக்கைப் போடும் வேகம் அக்காலத்துச் சிறிய கணினிகளுக்குக் குறைவு. ஆகவே தனிச் சிப் வைத்த கார்டுகள் வந்ததில் நியாயம் இருந்தது. இன்று சாதாரண பிராசசரின் ஒரே கோர் அந்தக் கணக்கை நொடிக்குப் பல ஜிபி வேகத்தில் முடிக்கிறது. பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று தருவதோ நொடிக்குச் சுமார் 250 எம்பி. எட்டும் சேர்ந்து ஓடினாலும் 2 ஜிபிதான். வேகத்துக்காக ரெய்டு கார்டு வேண்டும் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. டிஸ்க் செத்துப்போனால் எல்லோருக்கும் தெரியும். தவறான தரவைச் சரியானது போலவே எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. நெட்ஆப் நிறுவனமும் விஸ்கான்சின், டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 15.3 லட்சம் டிஸ்குகளை 41 மாதங்கள் கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சத்தமில்லாமல் தரவு மாறிப்போன நிகழ்வுகள் 4 லட்சத்துக்கு மேல் பதிவாகின. விலை குறைந்த சாட்டா வகை டிஸ்குகளில் 17 மாதங்களில் 0.66 சதவீதம் இதற்கு ஆளாயின. எட்டே டிஸ்க் வைத்திருப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டுமா என்று கேட்கலாம். வாய்ப்பு குறைவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் கெட்ட கோப்பு அடுத்த பேக்கப்பிலும் கெட்டபடியே ஏறும். நல்ல பிரதி இல்லாமல் போன பிறகுதான் விஷயம் வெளியே வரும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை இதைத் தடுக்கவே ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வேறோர் இடத்தில் குறித்து வைக்கிறது. படிக்கும்போது எண் ஒத்துப்போகாவிட்டால் மற்ற டிஸ்குகளின் உதவியோடு தவறைத் திருத்துகிறது. நடுவே ரெய்டு கார்டு நின்று எட்டு டிஸ்கையும் ஒரே பெரிய டிஸ்காகக் காட்டினால், தவறு நடந்தது தெரிந்தும் திருத்த வழி இருக்காது. பல ரெய்டு கார்டுகள் தங்களுக்கே உரிய வடிவில் டிஸ்கில் குறிப்பு எழுதுவது இன்னொரு தொல்லை. சில ஆண்டுகள் கழித்துக் கார்டு பழுதானால் அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

மின்சாரம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி. ரெய்டு 5இல் எழுதும் நடுவில் மின்சாரம் போனால் தரவும் அதன் காப்புக் கணக்கும் பொருந்தாமல் போகும் அபாயம் உண்மையானது. பேட்டரி உள்ள கார்டு அதைத் தடுக்கிறது. இசட்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகே தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பை மாற்றுவதால் அந்த ஓட்டையே அதில் இல்லை. கார்டின் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. யுபிஎஸ் வைத்தால் சர்வர் முழுவதற்கும் பயன். மென்பொருள் ரெய்டு இல்லாத விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ போன்ற தளத்தை ஓட்டுபவர் மட்டும் ரெய்டு கார்டு வாங்குவதில் தவறில்லை.

மறுமுனையில், ஒரு சாட்டா இணைப்பைப் பல டிஸ்குகளுக்குப் பங்கு போடும் மலிவு கார்டுகளையும் தவிர்க்க வேண்டும். ஒரு டிஸ்க் தடுமாறினால் உடன் இருப்பவையும் நின்றுபோகலாம். பழுதான டிஸ்கை மாற்றி, மற்ற அனைத்தையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டிய வேளையில்தான் அந்தக் குறை பெரிதாகும். மதர்போர்டிலேயே போதிய சாட்டா போர்ட் இருந்தால் கார்டே தேவையில்லை. இல்லாவிட்டால் எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற பழைய கார்டு எட்டு ஹார்ட் டிஸ்குக்குத் தாராளம். அதன் எட்டுத் தடப் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 இணைப்பு நொடிக்கு 4 ஜிபி வரை தாங்கும். டெல் ஹெச்310, ஐபிஎம் எம்1015 ஆகியவற்றிலும் அதே சிப்தான். எஸ்எஸ்டிகள் அதிகம் என்றால் 9300-8ஐ பாருங்கள். எதுவானாலும் டிஸ்குகளை மறைக்காமல் காட்டும் ஐடி மோடு ஃபர்ம்வேர் ஏற்றியிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பழைய கார்டு விற்பனையில் போலிகளும் உண்டு. சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த கார்டுகள் இவை. வீட்டுப் பெட்டியில் அவற்றின் ஹீட்சிங்குக்கு நேரே ஒரு சிறு ஃபேன் வையுங்கள்.

ரெய்டு கார்டு வாங்காததில் மிஞ்சும் பணத்தைச் செலவழிக்க நல்ல வழி இருக்கிறது. திருட்டிலோ தீயிலோ போன சர்வரை எந்தக் கார்டும் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. அந்தப் பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி, முக்கியமானவற்றை அதில் பிரதி எடுத்து, உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.