டேப்லெட் பரிசா? முதல்ல பேனாவைப் பாருங்க!

படம் வரையுற பிள்ளைக்கு டேப்லெட் வாங்கப் போகும் பெரியவர்கள் கடையில் கேட்பது, "எத்தனை இஞ்ச்? எத்தனை ஜிபி?" பேனாவைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை!

பென்சிலை அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாகத் தொட்டால் மெலியும். டேப்லெட் பேனாவுக்கும் அந்த அழுத்தம் தெரியணும். ரப்பர் முனைக் குச்சி வெறும் விரலுக்குச் சமம். என் தங்கைக்கு அப்படித்தான் ஒன்று வந்தது. இப்போ அதில் கார்ட்டூன் ஓடுது. அவள் பழையபடி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைகிறாள்.

விலையை மட்டும் நம்பவும் முடியாது. 2023-ல் வந்த யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலுக்கே அழுத்தம் தெரியாது! 2020-ல் வந்த சாம்சங் எஸ்6 லைட்டின் பேனாவுக்குத் தெரியும். அது பெட்டியோடவே வந்தது.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால், திரை இல்லாத பேனாப் பலகையே போதும் என்பேன். வாக்கம் பலகையின் பேனாவுக்கு பேட்டரிகூட வேண்டாம். கை மேசையில், கண் திரையில் என்பதால் முதலில் கோணல்மாணலாத்தான் வரும், பழகிடும். வரைய கிரிட்டா, போட்டோ திருத்த கிம்ப், இரண்டும் இலவசம்.

அப்புறம், ரகசியப் பரிசுன்னு ஒளிச்சு வாங்காதீங்க. பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்க, ஒரு கோடு போட்டுப் பார்க்கட்டும்.