மாவுக்கட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை

கையிலும் காலிலும் மாவுக்கட்டுடன் கைதி நிற்கும் படம் நமக்குப் பழகிவிட்டது. ‘தப்பியோட முயன்று பாலத்திலிருந்து குதித்தார்’, ‘கழிவறையில் வழுக்கி விழுந்தார்’ என்ற விளக்கமும் பழகிவிட்டது. சமூக ஊடகங்களில் அதற்குக் கைதட்டல் வேறு. சங்கிலியைப் பறிகொடுத்தவரின் கோபம் நியாயமானது. ஆனால், எலும்பை முறிக்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் காவல் துறைக்குத் தரவில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 43ஆவது பிரிவு சொல்வது இதுதான்: சொல்லாலோ செயலாலோ ஒருவர் பணிந்துவிட்டால், அவர் உடலைத் தொடவே தேவையில்லை. வலிந்து எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ மட்டும், கைதுசெய்வதற்குத் தேவையான வழிகளைக் கையாளலாம். அப்போதும், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமை இல்லை. கைது முடிந்த பிறகு, தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது 46ஆவது பிரிவு. ஆக, பலப்பிரயோகத்துக்கான அனுமதி ஆள் பிடிபட்டதோடு தீர்ந்துபோகிறது. பூட்டிய காவல் நிலையத்துக்குள் விழும் அடி அப்பட்டமான குற்றம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். வாக்குமூலம் வாங்குவதற்காக அதை ஏற்படுத்தினால் பத்தாண்டு வரை சிறை.

குடிமகன் மீதும் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. முறையான கைதை எதிர்த்தால் இரண்டாண்டு வரை சிறை. கைதில் சிறு சட்டக் குறை இருந்தாலும், நல்லெண்ணத்துடன் கடமையைச் செய்யும் காவலரைத் தடுக்கத் தற்காப்பு உரிமை கிடையாது. அந்தக் குறையை நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் எழுந்தால் மட்டுமே விதிவிலக்கு. வீதியில் பணிந்துபோ, நீதிமன்றத்தில் கேள் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால், நீதிமன்றத்தில் கேட்க முடிய வேண்டுமே!

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்துவைத்ததாகத் தந்தையும் மகனும் பிடிக்கப்பட்டார்கள். அரசு ஊழியரைத் தடுத்ததாக வழக்கு. இருவரும் தரையில் புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை எழுதியது. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவில் அப்படி எதுவும் இல்லை. காவல் நிலையக் கேமராவோ அன்றாடப் பதிவு தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித் துறை நடுவரின் விசாரணை கண்டறிந்தது. அதற்குள் இருவரும் இறந்துவிட்டார்கள். காயத்தை உண்டாக்கியவரே காயத்துக்குக் காரணமும் எழுதினார் என்பதுதான் அந்த வழக்கு காட்டிய உண்மை.

அந்தப் பொய்யை முதலில் தடுக்க வேண்டிய இடம், காவலில் வைக்க நடுவர் உத்தரவிடும் ரிமாண்ட். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி காகிதச் சடங்குக்காக வந்ததல்ல. ஆனால், அடித்ததாகச் சொல்லப்படும் காவலர்கள் பின்னால் நிற்கும்போதே ‘அடித்தார்களா?’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? காவலர்களை வெளியே அனுப்பிவிட்டு, நடக்கச் சொல்லி, உட்காரச் சொல்லிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மருத்துவர் தரும் ‘நலமாக உள்ளார்’ என்ற ஒற்றை வரியை நடுவர் ஏற்கவே கூடாது.

சட்டத்திலும் ஒரு மாற்றம் தேவை: காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால், அதைக் காவலர்களே ஏற்படுத்தினார்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். இல்லை என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தில் இப்படி 114பி என்ற பிரிவைச் சேர்க்கச் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது 1985இல். 2017இலும் அதையே சொன்னது. 2023இல் சாட்சியச் சட்டத்தையே புதிதாக எழுதிய நாடாளுமன்றம் இதை மட்டும் சேர்க்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. இவ்விரண்டையும் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

சட்டம் மாறும்வரை ஒன்று செய்யலாம். உறவினர் யாராவது கைதானால், மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 53ஆவது பிரிவு அதைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரச் சொல்கிறது. காயம் இருந்தால் ரிமாண்ட் உத்தரவிலேயே பதியச் சொல்லி வழக்கறிஞர் மூலம் வற்புறுத்துங்கள்.