தொடாத படத்துக்குப் பத்து மார்க்கு

குழந்தைகள் விளையாடுவதற்காக அச்சிட்ட ஒரு படத்தை, எந்தக் குழந்தையும் தொட்டதில்லை என்று சர்ட்டிபிகேட் வாங்கி, அந்தச் சர்ட்டிபிகேட்டைக் காட்டி லட்சக்கணக்கில் விற்கிற ஒரு வியாபாரம் உலகத்தில் அமோகமாக நடந்து வருகிறது. பைத்தியக்காரத்தனம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போகலாம். ஆனால் பைத்தியக்காரத்தனத்தில் யாருக்கும் லாபம் வருவதில்லை. இதில் வருகிறது. யாருக்கு வருகிறது, யார் கையிலிருந்து வருகிறது என்று கேட்பதில் தவறில்லை அல்லவா?

விஷயம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பேஸ்பால், கூடைப்பந்து ஆட்டக்காரர்களின் படம் போட்ட சிறு அட்டைகள் உண்டு. ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பிறகு பபிள்கம் பொட்டலத்தில் வைத்தார்கள். காசு கொடுத்தது கம்முக்கு, படம் இனாம். 1909-ஆம் வருஷம் தொடங்கி வெளிவந்த ஒரு புகையிலைக் கம்பெனி வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2021 ஆகஸ்டில் 66 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. மிக்கி மேன்டில் என்பவரின் 1952-ஆம் வருஷத்து அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அன்றைய மாற்றுக் கணக்கில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய்.

அந்த மேன்டில் அட்டைக்கு ஒரு கதை உண்டு. அதை வெளியிட்டது டாப்ஸ் கம்பெனி. அந்த வருஷத்து வரிசையின் பின்பகுதி விற்கவில்லை. கிடங்கில் எட்டு வருஷம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை என்றானதும், 1960-இல் படகில் ஏற்றிக்கொண்டு போய் நியூ ஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். அந்த அட்டைகளை உருவாக்கிய ஸை பெர்கர் என்பவரே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். மிச்சம் வெளியில் தப்பியிருந்தவைதாம் இன்றைக்குக் கோடி பெறுகின்றன. மரக்காணம் கடற்கரையில் இருக்கிற எங்களுக்குக் கடல் தண்ணீர் உப்பாகும் என்று தெரியும். கடலில் குப்பையைக் கொட்டினால் கரையில் இருக்கிற குப்பைக்கு விலை ஏறும் என்ற ரகசியம் எங்கள் பாட்டன் பூட்டன் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது!

சரி, அபூர்வமான பொருளுக்கு அதிக விலை என்பது உலக வழக்கம். அதோடு நான் சண்டைக்கு வரவில்லை. என் சண்டை மார்க்குப் போடுகிறவர்களோடு.

1991-இல் பி.எஸ்.ஏ. என்று ஒரு தர நிர்ணய ஸ்தாபனம் ஏற்பட்டது. அதற்குப் பிறகு வேறு சிலவும் வந்தன. அட்டையை அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்து மூலை மழுங்கியிருக்கிறதா, ஓரம் உரிந்திருக்கிறதா, மேலே கீறல் உண்டா, படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை மார்க்குப் போடுவார்கள். போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடி முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அப்புறம் அதை யாரும் கையால் தொட முடியாது. ஒன்பது மார்க்குக்கும் பத்து மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விலையில் மட்டும் பல மடங்கு தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அந்த ஸ்தாபனம் முதன்முதலில் மார்க்குப் போட்ட அட்டையே ஒரு வாக்னர் அட்டைதான். எட்டு மார்க்குக் கொடுத்தார்கள். அந்த அட்டையின் ஓரத்தைத் தானே வெட்டிச் சீர்படுத்தியதாக, அதைக் கைமாற்றி விற்ற ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு இந்த மார்க்கு எல்லாம் கிடையாது என்பது அவர்கள் சாஸ்திரம். முதல் பிள்ளையே இப்படி என்றால் சாஸ்திரத்தைப் பற்றி நான் என்ன சொல்ல?

இன்னொன்று. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாருக்குப் பையன் வாங்கும் மார்க்கைப் பொறுத்துச் சம்பளம் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா? இங்கே அட்டையின் மதிப்பு ஏற ஏறத் தர நிர்ணயக் கட்டணமும் ஏறுகிறது. மார்க்குக் கூடினால் மதிப்பு கூடும். மதிப்பு கூடினால் கட்டணம் கூடும். போதாததற்கு, பி.எஸ்.ஏ.வின் சொந்தக்காரக் கம்பெனி 2021-இல் கோல்டின் என்ற பெரிய அட்டை ஏல நிலையத்தையும் வாங்கி, 2024 வரை தன் கையில் வைத்திருந்தது. மார்க்குப் போடும் கையும் ஏலம் கூறும் வாயும் ஒரே உடம்பில் இருந்தன. திருட்டு நடந்தது என்று நான் சொல்லவில்லை. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நாணயத்தைப் பற்றிப் பேசாதீர்கள் என்கிறேன்.

"போலி அட்டைகள் நடமாடுகின்றனவே, சோதித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். அசலா போலியா என்று சொல்வது நியாயமான தொழில். தங்கத்தை உரைத்துப் பார்க்கும் ஆசாரியின் தொழில். ஆனால் அசல் அட்டைகளுக்குள்ளே எது குழந்தைகளின் கைபடாமல் தப்பியது என்று வரிசைப்படுத்திப் பத்து மார்க்குக் கொடுப்பது முற்றிலும் வேறு காரியம். முதலாவது பொருளைப் பற்றிய உண்மை. இரண்டாவது, அந்தப் பொருள் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்யவில்லை என்பதற்குக் கொடுக்கிற பரிசு.

எங்கள் ஊரிலும் தரம் பார்ப்பது உண்டு. மரக்காணத்து உப்பளங்களில் பாத்தி கட்டி, உப்புநீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, பலகையால் வாரி வரப்பில் அம்பாரமாகக் குவிக்கிறார்கள். வாங்க வருகிறவர் கையில் எடுத்து நிறம் பார்க்கிறார், மணி பார்க்கிறார், ஈரம் பார்க்கிறார். சர்க்காரும் தரம் வைத்திருக்கிறது. சாப்பிடும் உப்பில் நூற்றுக்கு 96 பங்காவது சோடியம் குளோரைடு இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சேரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அயோடின் சேராத உப்பை நேரடியாகச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006-இல் தடையே போட்டார்கள். ஏன்? சாப்பிடுகிறவன் கழுத்தில் கழலை வரக் கூடாது என்பதற்காக. தரம் என்றால் இதுதான் ஐயா. குழம்பில் கரைந்து மறைந்து போவதுதான் உப்பின் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்யுமா என்று பார்ப்பதுதான் தரம். 'இந்த உப்பை எவனும் நாக்கில் வைத்ததில்லை' என்று சொல்லிக் கண்ணாடிப் பேழையில் வைத்தால், அளத்தில் வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள்.

படம் சேர்ப்பது நமக்குப் புதிதா என்றால், இல்லை. நான் பையனாக இருந்தபோது சிவகாசியில் அச்சான தீப்பெட்டிப் படங்களுக்காகத் தெருத் தெருவாகப் பொறுக்கியிருக்கிறோம். புலிப் படம், மயில் படம், சாவிப் படம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. வட்டம் போட்டு நடுவில் அடுக்கி, கல்லால் அடித்து வெளியே தள்ளினவனுக்குச் சொந்தம். பிறகு பிக் ஃபன் பபிள்கம்மோடு கிரிக்கெட் படங்கள் வந்தன. ரன் கணக்குப் போட்டுச் சேர்த்தோம், பண்டமாற்றுச் செய்தோம், சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள் ஒரு கபில்தேவைக் கொடுத்துச் சமாதானமானோம். டிராயர்ப் பையில் வியர்வையில் நனைந்து, மூலை மடங்கி, நடுவில் கிழிந்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டப்பட்ட படங்கள் அவை. பி.எஸ்.ஏ.வுக்கு அனுப்பினால் ஒரு மார்க்குக்கூடத் தேறாது. அந்த மடங்கிய மூலைகள்தாம் எங்கள் பிள்ளைப் பிராயம். அதைக் குறை என்று எழுதி மார்க்கைக் கழிக்கிற சாஸ்திரத்தை நான் ஏற்கமாட்டேன்.

"உங்களுக்குப் பழைய ஞாபகம், எங்களுக்கு இது முதலீடு" என்று ஒரு வாலிப நண்பர் என்னிடம் வாதாடினார். முதலீடா? கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜார்டனின் 1986-ஆம் வருஷத்து அட்டை, பத்து மார்க்கு வாங்கியது, 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போயிற்று. அந்த வருஷம் முடிவதற்குள் அதே அட்டை, அதே பத்து மார்க்கு, பாதி விலைக்கும் கீழே வந்துவிட்டது. அட்டையில் புதிதாக ஒரு கீறலும் விழவில்லை. கொரோனாவில் வீட்டில் அடைபட்டவர்கள் வெளியே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த மோகத்தின் உச்சியில், 2021 மார்ச்சில், குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. தன் குறைந்த கட்டணப் பிரிவுகளை நிறுத்தி வைத்தது. மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு டார்கெட் கடை வாசலில் அட்டைக்காக அடிதடி நடந்து, துப்பாக்கியை எடுக்கும் அளவுக்குப் போயிற்று. கடைகளில் அட்டை விற்பதையே அந்தக் கம்பெனி நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. குழந்தைகளின் படத்துக்காகப் பெரியவர்கள் துப்பாக்கி எடுத்தார்கள் என்பதை வாசகர்கள் இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இது வந்தது. அட்டைகூட இல்லாமல் வந்தது. கிரிக்கெட் வீரர்களின் படங்களையும் ஆட்டத் துணுக்குகளையும் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும் 'அட்டை'களாக விற்க ரேரியோ, ஃபேன்கிரேஸ் என்ற கம்பெனிகள் கிளம்பின. 2022-ஆம் வருஷத்தின் முதல் சில மாதங்களில் ஒன்றுக்கு 12 கோடி டாலரும் மற்றதற்கு 10 கோடி டாலரும் மூலதனம் வந்து கொட்டியது. அந்தச் சமயத்திலேயே உலகமெங்கும் இந்த மாயச் சரக்குகளின் சந்தை சரியத் தொடங்கிவிட்டது. காகிதமாவது அடுப்பெரிக்க உதவும்.

மூடிய பொட்டலத்தை எந்த ஆசையில் வாங்குகிறார்கள்? உள்ளே ஒரு வேளை அபூர்வ அட்டை இருக்கும் என்ற ஆசையில். நூறு பொட்டலத்தில் தொண்ணூற்றொன்பதில் இருக்காது என்று தெரிந்தே வாங்குகிறார்கள். இதற்குத் தமிழில் பெயர் உண்டு: லாட்டரி. 1968-இல் சர்க்காரே நடத்தத் தொடங்கிய லாட்டரியை, குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த பிறகு, 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒழித்தார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் மத்திய சர்க்கார் தடைச் சட்டம் கொண்டுவந்தது. லாட்டரிச் சீட்டின் மேல் ஆட்டக்காரர் படத்தை அச்சடித்துவிட்டால் அது பொழுதுபோக்காகிவிடுமா?

"பணமுள்ளவன் பணத்தைத் தொலைக்கிறான், உமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். எங்கள் பக்கத்து அளத்தில் உப்பு வாருகிற ஓர் அம்மாள் ஒரு நாள் என்னிடம் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் காட்டினாள். வைஷ்ணோதேவி அம்மன் உருவம் பொறித்து 2012-இல் வெளிவந்த காசு.

"தம்பி, இது அஞ்சு லட்சம் போகுமாமே? போன்ல வந்துச்சு. பேரு பதியணும்னு ஐயாயிரம் கட்டச் சொன்னாங்க. கட்டிட்டேன். இப்ப போனை எடுக்க மாட்டேங்கறாங்க."

மழைக்காலத்தில் அளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாய். அந்த ஐயாயிரம்தான் போனது. பழைய நாணயம், நோட்டு வாங்குவதாகச் சொல்லித் தன் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரிக்கை விட்டது. அந்த எச்சரிக்கை உப்பளத்து வரப்பு வரைக்கும் வரவில்லை. கோடி ரூபாய் ஏலச் செய்தி மட்டும் வந்துவிட்டது. ஐந்து ரூபாய்க் காசு ஐந்து லட்சம் பெறும் என்று ஓர் ஏழை நம்புவதற்கு, பபிள்கம் படம் 100 கோடி பெறும் உலகம்தான் ஜாமீன் நிற்கிறது. அங்கே நடப்பது சட்டப்படி வியாபாரம், இங்கே நடந்தது சட்டப்படி மோசடி. வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் தூண்டிலில் மாட்டிய புழு ஒன்றேதான்: 'உன் கையில் இருப்பதன் மதிப்பு உனக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும், கட்டணம் கட்டு' என்பது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது எங்கள் உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. உப்புக்குப் பிளாஸ்டிக் உறையும் கிடையாது, மார்க்கும் கிடையாது. மழை வடிந்ததும் அதே பெண்கள் சேற்றில் இறங்கி மறுபடியும் பாத்தி மிதித்தார்கள். அவர்கள் வாரும் உப்புக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டால் கடையில் நின்று வாதாடுகிற நாம், மூலை மடங்காத ஒரு படத்தை முதலீடு என்று ஒப்புக்கொள்கிறோம்.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மூடிய பொட்டலத்தில் பணத்தாசையை வைத்து விற்பதைச் சூதாட்டம் என்றே சட்டம் அழைக்கட்டும். மதிப்புக்கேற்பக் கட்டணம் வாங்குகிறவன் நடுநிலை பேசாமல் இருக்கட்டும். படித்த நடுத்தரக் குடும்பத்தார், பிள்ளை வாங்கி வந்த கிரிக்கெட் படத்தைப் பிடுங்கி, 'அழுக்காக்காதே, நாளைக்கு விலை போகும்' என்று பீரோவில் பூட்டாமல் இருக்கட்டும். படம் அவனுடையது. மூலை மடங்கட்டும்.