எக்ஸெல் ஷீட்டும் எலும்பு விரிசலும்

மக்களே, ஆணி அதிகமாகிப் போனதால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. வழக்கமா சினிமா, புத்தகம், எதுவும் சிக்கலைன்னா மேனேஜர் புராணம்னு மொக்கை போடுற ஆள், இன்னிக்கு உடம்பைப் பத்தி எழுத வந்திருக்கேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். டீ போட்டு எடுத்துக்கிட்டு உக்காந்துடுங்க.

மேட்டர், ட்ரையத்லான். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒண்ணு முடிஞ்ச கையோட அடுத்ததுன்னு நடுவில் கடிகாரத்தை நிறுத்தாமல் முடிக்கும் போட்டி. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் சேர்த்தாங்க. அங்கே 1.5 கி.மீ நீச்சல், 40 கி.மீ சைக்கிள், 10 கி.மீ ஓட்டம். அயர்ன்மேன் என்றால் 3.8, 180, 42.2. 1978-ல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தப்போ கிளம்பினவங்க 15 பேர், முடிச்சவங்க 12 பேர். இன்னிக்கு ஓ.எம்.ஆர்ல ஒவ்வொரு ஐ.டி கம்பெனியிலும் இந்தக் கிறுக்கு பிடிச்ச ஆள் ஒருத்தராவது இருப்பார். 2019-ல் கோவாவில் முதல் அயர்ன்மேன் 70.3 நடந்ததுக்கு அப்புறம் நம்ம ஊர்ல கிறுக்கு இன்னும் முத்திப்போச்சு. அந்த 70.3 என்பது மைல் கணக்கு. 1.9 கி.மீ நீச்சல், 90 கி.மீ சைக்கிள், 21.1 கி.மீ ஓட்டம். திருவான்மியூர்ல இருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட சைக்கிள் தூரம் வந்துடும். அதனால ஞாயித்துக்கிழமை விடியக்காலைல ஈ.சி.ஆர் பூரா நம்ம ஆளுங்கதான்.

இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கோச் கிடையாது. வாட்ஸப் குழுதான் கோச். "தல, 16 வீக் பிளான் இருந்தா அனுப்புங்க" என்பார் ஒருத்தர். அஞ்சு நிமிஷத்தில் நாலு எக்ஸெல் ஷீட் வந்து விழும். நல்ல மனசு, இல்லைன்னு சொல்லவே இல்லை. ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. பிளானைப் பகிர்வதில் தப்பே இல்லை. பிளானை மட்டும் பகிர்வதுதான் தப்பு.

ஏன்னு சொல்றேன்.

எங்க குழுவில் ஒரு நண்பர். 34 வயசு. அஞ்சாறு வருஷமா சைக்கிள் ஓட்டுறவர். ஈ.சி.ஆர்ல அவர் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போறதுக்கே நமக்கு நாக்கு தள்ளிடும். கோவாவுக்குப் பதிவு பண்ணினார். ஏற்கனவே முடிச்ச சீனியர் ஒருத்தரோட ஷீட்டை வாங்கினார். கலர் கலரா, வாரம் வாரியா, நிமிஷக் கணக்கோட அழகான ஷீட். ஒரு கட்டம் விடாம பச்சை அடிச்சுக்கிட்டே வந்தார். அஞ்சாவது வாரம் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் லேசா வலி. குழுவில் கேட்டார். "ஷின் ஸ்ப்ளின்ட்தான் ப்ரோ, ஐஸ் வைங்க, சரியாயிடும்" என்று பத்துப் பேர் கட்டைவிரல் காட்டினாங்க. ஏழாவது வாரம் நடக்கும்போதே வலி. எக்ஸ்ரே எடுத்தார், ஒண்ணும் தெரியலை. மறுபடி ஓடினார். அப்புறம் எம்.ஆர்.ஐ. எலும்பில் விரிசல், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். போட்டி போச்சு, கட்டின காசு போச்சு. அதை விடுங்க, ரெண்டு மாசம் அவரால மூணு வயசுப் பொண்ணைத் தூக்கிக்கிட்டு மாடி ஏற முடியலை.

சரி, அந்த ஷீட் மோசமானதா? இல்லைங்க. அருமையான ஷீட். ஆனா அதை எழுதின சீனியர் அதுக்கு முன்னாடி நாலு வருஷமா ஓடிக்கிட்டிருந்தவர். முதல் வார ஞாயிறு கட்டத்தில் இருந்த 14 கி.மீ அவருக்கு வெறும் சோம்பல் முறிக்கிற ஓட்டம். நம்ம நண்பர் அதுக்கு முந்தின மாசம் ஓடின அதிகபட்ச தூரம் 6 கி.மீ. ஷீட்டில் இதைக் கேக்கிற கட்டமே கிடையாது. நம்ம தொழில்ல சொல்ற மாதிரி "என் மெஷின்ல ஓடுதே" கேஸ். கோடு வந்துச்சு, அது எந்த மெஷினில் ஓடும் என்கிற ரீட்மீ ஃபைல் வரலை.

இதில் ட்ரையத்லானுக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கு. வெறுமனே ஓட்டம் பழகுறவனுக்கு நாலு கிலோமீட்டர்ல மூச்சு வாங்கிடும். அந்த மூச்சுதான் அவனோட எலும்பைக் காப்பாத்துது. சைக்கிள்ல இருந்து வர்றவருக்கு இதயமும் நுரையீரலும் ஏற்கனவே தயார். 14 கி.மீ ஓடினாலும் மூச்சு வாங்காது. ஆனா சைக்கிளும் நீச்சலும் உடம்பு எடையைத் தரையில் மோதவிடாத விளையாட்டுகள். எத்தனை வருஷம் மிதிச்சாலும், ஓட்டத்தோட ஒவ்வொரு அடியிலும் வர்ற மோதலுக்கு எலும்பு பழகாது. இன்ஜின் புல்லட், சேஸிஸ் டி.வி.எஸ் 50. ஆக்ஸிலேட்டரை முறுக்கினா என்ன ஆகும்?

எலும்பு எப்படி வலுவாகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா இன்னும் நல்லாப் புரியும். சென்னை மாநகராட்சி ரோடு போடுறதைப் பாத்திருப்பீங்க. முதல்ல மெஷின் வச்சு பழைய ரோட்டைச் சுரண்டி எடுப்பாங்க. அப்புறம்தான் புது தார். எலும்பும் அப்படியேதான். புது பாரம் வந்ததும் பழைய திசுவை முதலில் சுரண்டி எடுக்குது, அப்புறம் புதுசா நிரப்புது. இந்தச் சுற்று முழுசா முடிய மாசக்கணக்கு ஆகும். சுரண்டினதுக்கும் நிரப்பினதுக்கும் நடுவில் அந்த இடம் முன்னைவிட வீக்கா இருக்கும். நம்ம ஷீட்டில் லாங் ரன் எகிறுவது பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான். சுரண்டிப் போட்ட ரோட்டில் லாரி விட்ட கதை.

"அதான் பத்து சதவீத ரூல் இருக்கே பாஸ்" என்று வருவீங்க, தெரியும். வாரத்துக்கு வாரம் மொத்த தூரத்தை 10 சதவீதத்துக்கு மேல் ஏத்தாதே என்பது வேதவாக்கு மாதிரி சுத்திக்கிட்டிருக்கு. 2008-ல் நெதர்லாந்தில் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. புதுசா ஓட வந்த 532 பேரை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு 10 சதவீதக் கணக்கில் 13 வாரப் பயிற்சி, இன்னொண்ணுக்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி. முடிவில் ரெண்டு குழுவிலும் அஞ்சில் ஒருத்தருக்கு அடி. வித்தியாசமே இல்லை!

அப்புறம் 2025-ல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 5,200 பேருக்கு மேல், 18 மாசம், எல்லாம் அவங்கவங்க வாட்ச் குடுத்த கணக்கு. வாராந்திர மொத்த தூரம் ஏறினதுக்கும் காயத்துக்கும் அங்கே எதிர்பார்த்த தொடர்பு தெரியலை. தெரிஞ்சது வேற. ஒரே ஒரு ஓட்டம், கடைசி 30 நாளில் ஓடின அதிகபட்ச தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் காயம் ஏறுது. இரண்டு மடங்குக்கு மேல் போனால் அபாயமும் ரெண்டு மடங்கைத் தாண்டுது. இது ஓட்டக்காரர்களைக் கவனிச்சுப் பார்த்த ஆய்வு, ட்ரையத்லான் ஆட்களை வச்சு நடந்தது இல்லை. ஆனாலும் நம்ம நண்பரோட 6-ல் இருந்து 14 ஞாபகம் வருதா? அவருக்குத் தேவைப்பட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு. "கடைசி ஒரு மாசத்துல நீங்க ஓடின பெரிய ஓட்டம் எவ்வளவு?" ஷீட் அனுப்பின யாருமே அதைக் கேக்கலை.

இன்னொரு விஷயமும் இருக்கு. இஞ்சினியரிங் படிச்சவங்களுக்குச் சட்டுனு புரியும். ஜெராக்ஸ் கடைக்கு யாரோட நோட்ஸ் வரும்? பாஸானவன் நோட்ஸ்தான். அதே நோட்ஸைப் படிச்சு அரியர் வச்சவன் எத்தனை பேர்னு கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பயிற்சி பிளானும் அதேதான். மெடலைக் கடிச்சுக்கிட்டு போட்டோ போட்டவரோட பிளான் சுத்தும். அதே பிளானில் முழங்கால் போனவர் சத்தமில்லாம குழுவை மியூட் பண்ணிட்டுப் போயிடுவார். ஒரு பிளானால எத்தனை பேர் முடிச்சாங்கன்னு தெரியுது, எத்தனை பேர் முடமானாங்கன்னு தெரியலைன்னா அந்தப் பிளானைப் பத்தி நமக்கு என்னதான் தெரியும்?

மெடல் வாங்கினவரும் ஷீட்டில் இருந்ததை அப்படியே செஞ்சிருக்க மாட்டார். காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருப்பார், மாமியார் வீட்டு விசேஷத்துக்காக ஒரு லாங் ரைடை முழுங்கியிருப்பார். அந்த ஓய்வுதான் அவரைக் காப்பாத்தியிருக்கும். ஷீட்டில் அது இருக்காது.

மத்த வேறுபாடுகளைச் சட்டுனு சொல்லிடறேன். குளிர் நாட்டில் எழுதின பிளானில் இருக்கும் வேகத்தைச் சென்னை மே மாசத்தில் துரத்தினால் அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு எங்கேயோ போய் நிக்கும். நார்வேக்காரர் ப்ளுமென்ஃபெல்ட் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தங்கம் வாங்கினதும் அவங்க பாணியில் ஒரே நாளில் ரெண்டு தடவை த்ரெஷோல்ட் பயிற்சி என்பது ஃபேஷனாச்சு. அவங்க ரத்தத்தில் லாக்டேட் அளந்து அளந்து கட்டுப்படுத்திச் செய்யறாங்க, அதுதான் அவங்க வேலையே. நாம அமெரிக்கா கால் முடிச்சு 12 மணிக்குப் படுத்து 4:30-க்கு எழுந்து போறோம். தூக்கமும் பிளானில் ஒரு கட்டம்தானே?

சாப்பாடும் அப்படித்தான். சனிக்கிழமை விரதம், ஞாயித்துக்கிழமை 90 கி.மீ என்கிற வீரர்கள் உண்டு. செலவழிக்கிற சக்திக்கு ஏத்த சாப்பாடு இல்லைன்னா எலும்பும் ஹார்மோனும் அடி வாங்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதுக்கு 2014-ல் ரெட்-எஸ் என்று ஒரு பேரே வச்சிருக்கு. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்னுபோவதோ இதன் முக்கியமான அறிகுறி. "ட்ரெய்னிங் பண்ணா அப்படித்தான்" என்று விடுவது தப்பு. ஆண்கள் எழுதின ஷீட்களில் இந்த வரி இருக்கவே இருக்காது.

"இவ்வளவு பேசுறதுக்கு ஒரு கோச் வச்சுக்கலாமே?" வச்சுக்கலாம், வசதி இருக்கறவங்க தாராளமா. ஆனா இ.எம்.ஐ கட்டுறவங்க எல்லாரும் மாசாமாசம் அதுக்கும் குடுக்க முடியாது. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுத்துத்தான் இந்த விளையாட்டு நம்ம ஊர்ல வளர்ந்திருக்கு. அதை நிறுத்தச் சொல்ல நான் யாரு? இன்னும் முழுசாச் சொல்லிக் குடுங்கன்னுதான் கேக்கறேன். ஷீட் அனுப்பும்போது கூடவே இதையும் எழுதுங்க, பத்து நிமிஷ வேலை:

1. பிளான் ஆரம்பிக்கும் முன் ஆறு மாசம் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க. கடைசி 30 நாளில் மூணு விளையாட்டிலும் தனித்தனியா உங்க அதிகபட்ச தூரம்.

2. ஷீட்டில் இருந்தும் நீங்க செய்யாமல் விட்டது எது, ஏன்.

3. எங்கே வலிச்சது, என்ன மாத்தினீங்க. சீட்டை ஏத்தினீங்களா, நீச்சலில் கைப்பட்டையைக் கழட்டினீங்களா, ஷூ மாத்தினீங்களா.

4. எந்த மாசம், எந்த ஊர், ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம்.

5. வெயிட் ட்ரெய்னிங் பண்ணீங்களா. இதை மட்டும் தயவுசெஞ்சு மறைக்காதீங்க. 2014-ல் 25 ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்ததில், தசை வலுப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூணில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது தெரிஞ்சது. வெறும் ஸ்ட்ரெச்சிங்கால் அப்படி ஒரு பலனும் தெரியலை. நாம பண்றது நேர்மாறா. போட்டோவுக்கு ஸ்ட்ரெச்சிங், ஜிம்முக்கு நாளைக்கு.

வாங்கறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். முதல் வாரக் கட்டங்களை உங்க கடைசி மாசக் கணக்கோட ஒப்பிட்டுப் பாருங்க. ஓட்டம் எகிறிச்சுன்னா, ஓட்டத்தை மட்டும் உங்க அளவுக்குக் குறைச்சு ஆரம்பிங்க. சைக்கிளும் நீச்சலும் ஷீட்டில் இருக்கிறபடியே போகட்டும். மூணு விளையாட்டு இருப்பதோட வசதியே அதுதான்.

கடைசியா வலி. குழுவில் வலியைக் கேட்டால் வீரம் பேசாதீங்க, ப்ளீஸ். தசை பரவலா வலிச்சு ரெண்டு நாளில் அடங்கினா பரவாயில்லை. எலும்பின் மேல் ஒரே ஒரு விரல் வச்சு "இங்கேதான்"னு காட்ட முடிஞ்சாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ, ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். இடுப்பு மூட்டுப் பக்கம் வலின்னா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க. "ஐஸ் வைங்க ப்ரோ"னு எழுதறது ரொம்ப சுலபம். அதை நம்பி இன்னும் ரெண்டு வாரம் ஓடறவர் அந்தப் பக்கம் இருக்கார்.

முடிச்சவங்க மெடல் போட்டோ போடுங்க, வேணாம்னு சொல்லலை. நடுவுல விட்டவங்களும் எந்த வாரம், எந்தக் கட்டத்துல விட்டீங்கன்னு எழுதுங்க. எனக்கு அதுதான் உபயோகமான பிளான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, ஜாவா எழுதறவன். வலியோட பின்னூட்டத்துக்கு வராதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க :-)