மறைக்கப்படும் தரவுகளும் மாண்ட உழைப்பாளரும்

கோவிட் பெருந்தொற்றின் தோற்றுவாயை ஆராய உலக சுகாதார அமைப்பு நியமித்த 27 அறிஞர் குழு, 2025 ஜூன் 27 அன்று தன் அறிக்கையை வெளியிட்டது. வைரஸ் வௌவாலிடமிருந்து நேரடியாகவோ வேறொரு விலங்கின் வழியாகவோ மனிதரை அடைந்தது என்பதன் பக்கமே கிடைத்த சான்றுகள் சாய்கின்றன. ஆய்வகக் கசிவை ஆராயவோ விலக்கவோ போதிய தரவு தரப்படவில்லை என்பதே அதன் சாரம்.

இது உழைக்கும் மக்களின் வினா. நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முடக்கப்பட்டபோது, சாகண் போன்ற தொழிற்பேட்டைகளின் புலம்பெயர் ஒப்பந்தத் தொழிலாளர்களே வேலையும் கூலியும் இழந்து நின்றனர். தங்களை வீழ்த்தியது எது என்று அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு.

2012இல் சீனத்தின் யுனான் மாநிலத்து மோஜியாங் சுரங்கத்தில் வௌவால் எச்சம் அகற்றிய தொழிலாளர் அறுவர் கடும் நுரையீரல் அழற்சிக்கு ஆளாகி, மூவர் மாண்டனர். அங்கு பின்னர் எடுக்கப்பட்ட வௌவால் மாதிரியில் கண்ட வைரஸ், கோவிட் வைரஸுடன் 96 விழுக்காடு ஒத்தது. இந்நிகழ்வின்மீது கவனத்தைத் திருப்பியோருள் புனே ஆய்வாளர் இருவரும் உண்டு. ஆயினும் எஞ்சிய 4 விழுக்காடு பல பத்தாண்டுப் பரிணாம இடைவெளி. அதையே மூலமெனக் கொள்ள இயலாது. மறுபுறம், தொடக்க நோயாளர் பலர் வூகானின் ஹுவானான் சந்தையைச் சுற்றியே காணப்பட்டனர். வைரஸ் இருந்த சந்தை மாதிரிகளில் ரக்கூன் நாயின் மரபுப்பொருளும் கிடைத்தது. அவ்விலங்கு நோயுற்றிருந்தது என்பதற்கு அதுவும் முடிந்த முடிபன்று.

அமெரிக்க உளவுத்துறை 2025 ஜனவரியில், தன் நம்பிக்கை குறைவே என்று ஒப்புக்கொண்டே ஆய்வகக் கசிவின் பக்கம் சாய்ந்தது. ஏப்ரலில் வெள்ளை மாளிகை அதையே தீர்ந்த உண்மையாக அறிவித்தது. ஐயம் நிறைந்த ஊகத்தைச் சீன எதிர்ப்புக்கு ஆயுதமாக்குவது ஏகாதிபத்திய அரசியல், அதை எதிர்க்கிறோம். அதே வேளையில், தொடக்க நோயாளரின் மரபணு வரிசைகள், சந்தை விலங்குகளின் விவரம், ஆய்வகப் பாதுகாப்புப் பதிவுகள் ஆகியவற்றைச் சீன அரசு அளிக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அமெரிக்காவும் ஜெர்மனியும் தம் உளவறிக்கைகளைக் குழுவுக்குத் தரவில்லை. சோசலிசத்தின் பெயரால் இரகசியத்தை நியாயப்படுத்துவது அறிவியல் நோக்குக்கு முரணானது.

நம் அரசும் விலக்கன்று. 2020, 2021 ஆண்டுகளில் இந்தியாவில் கோவிட் காலத்து மிகைச் சாவுகள் 47 இலட்சம் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. அரசின் கணக்கோ 5 இலட்சத்தையும் எட்டவில்லை. மாண்டவரை எண்ண மறுப்பவர் மூலத்தை ஆராய்வர் என்று எதிர்பார்க்க முடியுமா?

புனேயின் தேசிய வைராலஜி நிறுவனம் 2020இல் தமிழ்நாடு, கேரளம் உட்பட நான்கு பகுதிகளின் வௌவால்களில் கொரோனா வகை வைரஸ்களைக் கண்டறிந்தது. அவை கோவிட் வைரஸ் அல்ல. ஆனால் கண்காணிப்பின் தேவையை அவை உணர்த்துகின்றன. எல்லா அரசுகளும் தரவுகளை வெளியிட வேண்டும். ஆய்வகங்கள் பொதுக் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும். சுரங்கம், இறைச்சிக்கூடம், பண்ணை ஆகியவற்றில் முதலில் தொற்றுக்கு இலக்காகும் தொழிலாளருக்குக் காப்புக்கருவியும் மருத்துவப் பரிசோதனையும் சட்ட உரிமையாக வேண்டும். இக்கோரிக்கைகளைத் தோழர்கள் ஆலை வாயில்தோறும் எடுத்துச் செல்ல வேண்டும்.