மலையில்லா ஊரில் உயரும் ஜீப்புகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆறு என்று சொல்லிக்கொள்ள, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. சுண்ணக்கற் படுக்கையின் மேல் செம்மண்ணும், கரையோரத்தில் மணலும், கடல்நீரேரியை அண்டி உவர்ச்சேறும் பரந்த தட்டை நிலம் இது. இந்நிலத்தில், அண்மைய ஆண்டுகளில், வாகனத்தை உயர்த்தும் ஆசை இளைஞரிடையே பரவி வருகிறது. பழைய ஜீப்பையோ டபிள் கப் வாகனத்தையோ கராஜில் ஏற்றி, வில்லுகளை மாற்றி, மூன்று நான்கு அங்குலம் மேலெழுப்பி, ஆழமான வெட்டுகளுடைய பெரிய ரயர்களைப் பூட்டி வீதிக்கு இறக்குகிறார்கள்.

இதற்குக் காரணங்கள் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுக் காலம் புதிய வாகனம் வராத நாட்டில், இருப்பதைப் புதுக்கிக்கொள்வது வழக்கமாகியது. புலம்பெயர்ந்த உறவினரின் பணமும், அவுஸ்திரேலியப் பாலை நிலங்களில் ஜீப் ஓட்டுவோரின் காணொளிகளும் அதற்குத் துணை நின்றன. தன் உழைப்பில் வாங்கிய வாகனத்தைத் தன் விருப்பப்படி அழகு பார்ப்பது குற்றமன்று. ஆனால், இங்கே விருப்பத்தோடு வேறு சிலவும் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

இப்பத்தியின் கருத்து எளியது. நமது நிலத்துக்கு இந்த உயரம் தேவையில்லை. நல்ல ஷொக் அப்சோபரும், அளவான ரயரும், அந்த ரயரில் எங்கே எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்ற அறிவும் போதும். மிகையான உயரத்தின் விலையை வாகன உரிமையாளர் மட்டும் செலுத்துவதில்லை. ஒழுங்கையில் சைக்கிளில் வருபவரும் சேர்ந்தே செலுத்துகிறார்.

வாகனத்தை உயர்த்துவதால் உண்மையில் எது உயர்கிறது என்று முதலில் பார்ப்போம். பழைய ஜீப்புகளிலும், பெரும்பாலான பிக்கப் வாகனங்களின் பின்புறத்திலும், இரு சில்லுகளையும் ஒரே அச்சு இணைக்கிறது. அந்த அச்சின் நடுவே தொங்கும் டிபரன்சல் பெட்டியே பெரும்பாலும் வாகனத்தின் மிகத் தாழ்ந்த உறுப்பு. சேற்றிலும் கல்லிலும் முதலில் தட்டுப்படுவதும் அதுவே. வில்லை மாற்றினால் அச்சுக்கு மேலுள்ளவை எல்லாம் உயரும். டிபரன்சல் பெட்டியோ மயிரிழையளவும் உயராது. அதை உயர்த்தக்கூடியது ரயர் ஒன்றே. அதுவும் விட்டத்தில் கூடும் அளவின் பாதிதான்.

ஒரு கணக்கு: 265/70 ஆர் 16 என்ற அளவுடைய ரயரின் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீற்றர். அதைக் கழற்றி 285/75 ஆர் 16 பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 834 மில்லிமீற்றர். கூடியது 57, டிபரன்சல் பெட்டி நிலத்திலிருந்து விலகியது 28 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த ஓர் அங்குலத்துக்காக இழப்பவை சில. வேகமானி 60 காட்டும்போது வாகனம் உண்மையில் 64இல் ஓடும். பாரமான, விட்டம் கூடிய ரயரைச் சுழற்ற இயந்திரம் கூடுதலாக உழைக்கும், எரிபொருள் கூடும். அதே ரயரை நிறுத்தப் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். நிறுத்தும் தூரம் நீளும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று, கியூஆர் குறியீட்டுக்கு வாராந்தப் பங்கு பெற்ற நாட்டில், எரிபொருளைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

வில்லை உயர்த்துவதன் பலன் வேறிடத்தில் உண்டு. பெரிய ரயர் உடற்பகுதியில் உரசாமல் இடம் கிடைக்கும். கல்லிலும் பள்ளத்திலும் ஒரு சில்லு தொங்க, மறு சில்லு மேலெழ, அச்சு தாராளமாக அசையும். அவுஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனத்திலும், கலிபோர்னியாவின் ரூபிக்கன் பாறைவழியிலும் ஓடுவோருக்கு அது தேவை. அத்தகைய வழிகளுக்காகவே இந்தப் பொருள்கள் வளர்ந்தன. கீரிமலைக்கும் கிளாலிக்கும் இடையில் அத்தகைய பாறைவழி எங்கே இருக்கிறது?

கடினமான நிலத்தை வாகனத்தால் கடப்பது நம்மவர்க்குப் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின், ஆனையிறவுப் பாதையும் பூநகரி, சங்குப்பிட்டிப் பாதையும் மக்களுக்கு மூடுண்டன. குடாநாட்டிலிருந்து வன்னிக்குச் செல்ல மக்கள் நாடிய வழிகளுள் ஒன்று கொம்படி, ஊரியான் வெளி. கோடையில் சேறும் மாரியில் இடுப்பளவு நீருமாகக் கிடந்த அவ்வெளியைச் சைக்கிளைத் தள்ளியும் சுமந்தும் கடந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அங்கே ஆட்களையும் பொருள்களையும் இழுத்துக் கடத்தியவை உழவு இயந்திரங்கள். நமது வயல்களில் நெடுங்காலம் பழகிய மசி பேர்கசன் உழவு இயந்திரத்துக்கு வில்லும் இல்லை, ஷொக் அப்சோபரும் இல்லை. உயர்ந்து அகன்ற பின் ரயரும், அதில் குறைவாக நிறுத்தப்பட்ட காற்றும், மெதுவான கியருமே அதைச் சேற்றில் கடத்தின.

அதே காலத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குண்டும் குழியுமான வீதிகளில் அவை நோயாளரையும் பிரசவத்துக்குச் செல்வோரையும் ஏற்றிச் சென்றன. அவை தாழ்ந்த கார்கள். அவற்றைக் காப்பாற்றியவை, ஒடிந்த தட்டுவில்லுக்கு மாற்றுத் தட்டு வெட்டிப் போட்ட கராஜ்காரரின் கைவேலையும், ஒவ்வொரு குழியையும் அறிந்து சுற்றி ஓட்டிய சாரதியின் நிதானமும். உயரம் இல்லாமலே ஒரு சமூகம் ஓடிக் காட்டியிருக்கிறது.

இன்று நிலத்தில் இறங்க வேண்டியவருக்கும் இவ்வனுபவமே பாடம். வடமராட்சி கிழக்கின் மணலில் வாகனம் புதைவதற்குப் பெரும்பாலும் காரணம் உயரக் குறைவன்று. ரயரிலுள்ள காற்றின் மிகுதி. தார் வீதிக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் அழுத்தம் வைக்கும் ரயரை, மணலில் 15 முதல் 18 வரை இறக்கினால், ரயர் நீளவாக்கில் பரந்து மணலின் மேல் மிதக்கும். வேகத்தைக் குறைத்து, சடுதியான திருப்பங்களைத் தவிர்க்க வேண்டும். இல்லையேல் ரயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். தார் வீதியில் ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்ப வேண்டும். அழுத்தமானி ஒன்றும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கும் செலவு, உயர்த்தும் செலவில் மிகச் சிறு பங்கு.

செலவிடப் பணம் இருந்தால் முதலில் ஷொக் அப்சோபருக்குச் செலவிடுங்கள். வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது வில். வில்லின் துள்ளலை அடக்குவது ஷொக் அப்சோபர். உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களூடே தள்ளப்படுவதால் துள்ளல் வெப்பமாக மாறிக் கழிகிறது. அது தேய்ந்தால் சில்லு நிலத்தை விட்டுவிட்டுத் துள்ளும். நிலத்தில் பதியாத சில்லுக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. வாகனத்தின் ஒரு மூலையை அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழுந்து அடங்கினால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அடுத்தது ரயர். உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே, வீதிக்கும் மண்ணுக்கும் பொதுவான வகையைத் தெரிவது நம்மவர்க்கு உத்தமம். சேற்றுக்கென்றே செய்த முரட்டு ரயர் தார் வீதியில் இரையும். மழைநாளில் ஈரத் தாரில் அதன் பிடிப்பு குறைவு. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். வெட்டு ஆழமாகத் தெரிவதால் மட்டும் ரயர் புதிதாகிவிடாது.

உயர்த்த வேண்டிய நியாயமான தேவை எவருக்கும் இல்லையென்று நான் சொல்லவில்லை. வன்னியின் களிமண் வயல்களுக்கு நாள்தோறும் செல்பவர் இருக்கிறார். கரையில் படகை இழுப்பவர் இருக்கிறார். 2008 நவம்பரில் நிஷா புயலின் வெள்ளத்தையும் 2020 டிசெம்பரில் புரெவியின் வெள்ளத்தையும் கண்ட ஊர் இது. எப்போதும் பாரம் ஏற்றுபவர், தொய்ந்துபோன வில்லை மாற்றி ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ உயர்த்திக்கொள்ளலாம். அப்போதும் புதிய வில்லின் நீளத்துக்கேற்ற ஷொக் அப்சோபர் வேண்டும். பிரேக் குழாய் இழுபடாதிருக்கிறதா, சுழல்தண்டின் மூட்டுகள் கோணத்தில் சிரமப்படுகின்றனவா, முன்சில்லுகளின் கோணம் சரியா என்று பார்க்க வேண்டும். முகப்பு விளக்கைத் தாழ்த்தித் திருத்தவும் வேண்டும். இல்லையேல் எதிரே வருபவர் கண் கூசி வேலியில் விழுவார். அச்சுக்கும் வில்லுக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்தும் மலிவு வேலையை முன் அச்சில் ஒருபோதும் செய்யக்கூடாது.

இனி, ஒழுங்கைக்கு வருவோம். நமது ஒழுங்கைகள் வண்டிலுக்கும் சைக்கிளுக்கும் அமைந்தவை. இருபுறமும் வேலி அல்லது மதில். மூலையில் திரும்பும்வரை எதிரே வருபவர் தெரியார். மாலையில் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகள் அங்கேயே சைக்கிள் ஓட்டுகிறார்கள். சாரதியின் கண் நிலத்திலிருந்து 165 சென்ரிமீற்றர் உயரத்திலும், பொனற்றின் முன்விளிம்பு 115 சென்ரிமீற்றர் உயரத்திலும், இரண்டுக்கும் இடைத்தூரம் 180 சென்ரிமீற்றராகவும் இருப்பதாகக் கொள்வோம். 90 சென்ரிமீற்றர் உயரமான குழந்தை முன்விளிம்பிலிருந்து 90 சென்ரிமீற்றர் தூரத்துக்குள் நின்றால், அதன் உச்சந்தலைகூடச் சாரதிக்குத் தெரியாது. வாகனத்தைப் பத்துச் சென்ரிமீற்றர் உயர்த்தினால் அந்த மறைவு 126 சென்ரிமீற்றர் ஆகிறது. மேலே இருப்பதால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். தூரத்தில் உள்ளது தெரியும். அருகில் உள்ள குழந்தை மறையும்.

மோதினால் விளைவும் வேறு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம், ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து 2023 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. பொனற் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள் மோதினால், 30 அங்குலத்துக்கு உட்பட்ட சரிந்த முகப்புடைய வாகனங்களைக் காட்டிலும், பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்பது அதன் முடிவு. தாழ்ந்த கார் காலில் அடித்துப் பொனற்றில் விழுத்தும். உயர்ந்த முகப்பு நெஞ்சிலும் தலையிலும் அடித்துச் சில்லின் முன்னே தள்ளும். நமது விபத்துச் செய்திகளில் வாகனத்தின் வகை வரும், இடம் வரும், நேரம் வரும். முகப்பின் உயரம் வருவதில்லை.

சட்டத்தையும் மறக்கலாகாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை மாற்றி, உற்பத்தியாளரின் மூல அமைப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக்கூடாது எனத் தீர்ப்பளித்தது. நமக்கு 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பல திருத்தங்களுடன், இன்றும் அடிப்படை. வில்லில் கைவைக்குமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்வது அறிவுடைமை. விபத்துக்குப் பின் கேட்பதற்கு அங்கே பதில் இனிமையாக இராது.

இன்னொரு செலவு மணற்காட்டில் தெரிகிறது. மணல் அகழ்வால் ஏற்கெனவே காயம்பட்ட மேடுகள் அவை. 2004 டிசெம்பரில் கடற்கோள் வந்த கரை அது; மணல்மேடே அங்கே ஊரின் அரண். அந்த மணலைக் கட்டிவைப்பது கரையோரம் படரும் அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி சொன்னவர்கள் நாம். வார இறுதி விளையாட்டுக்காக மேட்டில் ஏறி இறங்கும் முரட்டு ரயர் அக்கொடியைக் கிழிக்கிறது. கொடி போனால் மணலைக் காற்று கொண்டுபோகும்.

உயர்ந்த வாகனத்தின் மீது நமக்கேன் இத்தனை மயக்கம்? நெடுங்காலம் நம் வீதிகளில் உயர்ந்து நின்றவை இராணுவ ட்ரக்குகள். பின்னர் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை லாண்ட் குரூசர்கள். அதன்பின் அரசியல்வாதிகளின் பஜிரோக்கள். அவை வரும்போது சைக்கிளை ஓரமாக இறக்கி நின்ற தலைமுறை எங்களது. உயரம் என்றால் அதிகாரம் என்று கண்டு வளர்ந்த பிள்ளைகள், கையில் பணம் வந்ததும் அந்த உயரத்தையே வாங்க நினைப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. ஆயினும், யாரை ஓரமாக ஒதுங்கச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். இன்று அந்த ஒழுங்கையின் ஓரத்தில் நிற்பது அயல்வீட்டுப் பிள்ளை.

ஆகவே, கராஜுக்குச் செல்லும் தம்பிமாரிடம் சொல்வது இதுவே: ஷொக் அப்சோபரை மாற்றுங்கள், ரயரைச் சரியான அளவில் வாங்குங்கள், காற்றை அளந்து வையுங்கள், கடற்கரை சென்று திரும்பினால் அடிப்பாகத்தின் உப்பை நன்னீரால் கழுவுங்கள். வாகனம் இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும்.