பார்சிலோனாவில் இல்லாதிருந்தது கட்சியா?

புரட்சிகரத் தொழிற்சங்கவாதம் பற்றிய விவாதம் எழுந்தவுடனேயே, மார்க்சியர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர் சிலர் ஸ்பெயினைச் சுட்டிக்காட்டிவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். 1936இல் பார்சிலோனாத் தொழிலாளர் ஆயுதந்தாங்கி இராணுவக் கிளர்ச்சியை முறியடித்தனர், அவர்களுக்குக் கட்சி இருக்கவில்லை, ஆதலால் தோற்றனர். இதுவே அவர்களது வாய்பாடு. 1902இல் லெனின் எழுதிய நூலொன்றை ஓதினால் 1937இன் தோல்வி விளங்கிவிடும் என்பது அன்னாரின் எண்ணம் போலும்!

தொழிற்சங்கவாதிகளின் குறைபாடு மெய்யானதே. 1910இல் தோன்றிய சி.என்.ரி. சம்மேளனம் அரசு என்பதையே நிராகரித்த இயக்கம். 1936 யூலை 20ஆம் திகதி கற்றலோனிய அரசாங்கத் தலைவர் கொம்பனிஸ் அதன் தலைவர்களை அழைத்துப் பேசியபோது நகரம் அவர்கள் கையில் இருந்தது. அவர்களோ அந்த அரசாங்கத்தைக் கைப்பற்றவுமில்லை, கலைக்கவுமில்லை. கொம்பனிஸை அவரது ஆசனத்திலேயே விட்டுவிட்டு, ஏனைய கட்சிகளுடன் சேர்ந்து பாசிச எதிர்ப்புப் படையணிகளின் மத்திய குழுவை அமைத்தனர். தொழிற்சாலைகள் தொழிலாளர் வசமாயின, வங்கிகள் ஆகவில்லை. மூலப்பொருள் வாங்குவதற்கும் கூலி கொடுப்பதற்கும் கடன் தேவைப்பட்ட ஆலைக்குழுக்கள் அரசாங்கத்தின் வாயிலில் காத்துநிற்க நேர்ந்தது. வாசல்வழி வெளியேற்றப்படாத அரசு கணக்கேட்டின் வழியாக மீண்டும் உள்ளே வந்தது. நவம்பரில் சி.என்.ரி. உறுப்பினர் நால்வர் குடியரசின் அமைச்சராயினர்; அவர்களுள் ஒருவர் நீதியமைச்சர்!

ஆயின், கட்சி இருக்கவில்லை என்பது எவ்வாறு பொருந்தும்? 1935இல் உருவான மார்க்சிய ஐக்கியத் தொழிலாளர் கட்சி அங்கு இருந்தது. அதன் தலைவர் அந்திரேயு நின் 1936 செப்ரெம்பரில் கற்றலோனிய அரசாங்கத்தின் நீதித்துறையை ஏற்றார். படையணிகளின் மத்திய குழு கலைக்கப்பட்டபோது தொழிற்சங்கவாதியும் மார்க்சியவாதியும் ஒரே மேசையில் அமர்ந்து அதற்கு இணங்கினர். மூன்றாம் அகிலத்தைச் சார்ந்த கற்றலோனிய ஐக்கிய சோசலிசக் கட்சியும் இருந்தது. மத்தியத்துவம், கட்டுப்பாடு என வாய்பாடு கேட்பவை யாவும் அதனிடம் இருந்தன. 1937 மே 3ஆம் திகதி, சி.என்.ரி. தொழிலாளர் வசமிருந்த தொலைபேசி நிலையத்தினுள் பொலிசாருடன் புகுந்த ஆணையாளர் அக்கட்சியின் உறுப்பினரே.

ருஷ்யாவில் 1917இல் போல்ஷெவிக்குகள் பெரும்பான்மை தேடுவதற்கு சோவியத்துகள் இருந்தன. ஆலையிலிருந்தும் படைமுகாமிலிருந்தும் தெரிவான பிரதிநிதியைத் தெரிவுசெய்தோரே திருப்பியழைக்க முடிந்தது. பார்சிலோனாவின் மத்திய குழுவிலோ ஒவ்வோர் அமைப்பும் தன் ஆட்களை நியமித்தது. நியமித்த தலைமைக்கன்றித் தொழிலாளருக்கு அவர்கள் பதில் கூறவேண்டியிருக்கவில்லை. இது கட்சியின்மையால் நேர்ந்த குறையன்று. கட்சிகளும் சங்கமும் கூடிச் செய்த ஏற்பாடு. மே மாதத்தில் தடையரண்களில் நின்றோரை ஆயுதத்தைக் கீழே வைக்குமாறு சி.என்.ரி. அமைச்சர்கள் வானொலியிற் கேட்டபோது, அவ்வமைச்சரை விலக்குவதற்கு நின்றோரிடம் எந்தச் சபையும் இருக்கவில்லை. புரட்சிகரச் சபையொன்று வேண்டுமெனக் குரல் எழுப்பிய 'துருத்தியின் நண்பர்கள்' குழுவைத் தலைமை கைகழுவியது. யூனில் நின்னின் கட்சி தடைசெய்யப்பட்டது. நின் கடத்திக் கொல்லப்பட்டார்.

கட்சி இல்லாமையே தோல்விக்குக் காரணம் என்போர், தொலைபேசி நிலையத்தின் கீழ்த்தளத்திற்கு வந்த கட்சியை எந்தக் கணக்கிற் சேர்க்கின்றனர் என்பதை முதலிற் கூறட்டும்.